மலையும் கடலும் சேத்து பைக் டூரா? கடைசி வண்டி யாருதுன்னு மொதல்ல கேளுங்க

காட்பாடிலருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஜனவரில நாலு நாள் லீவு கெடைக்குதாம், ஒருத்தர் பன்னெண்டு வண்டிய ஒண்ணா சேத்து வேலூர், ஏலகிரி, ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, செஞ்சி, பாண்டிச்சேரி, அப்புறம் ஈசிஆர் புடிச்சு மாமல்லபுரம், காஞ்சிபுரம் வழியா திரும்ப வேலூருன்னு கூட்டிட்டுப் போறாராம், முன்னாடி கைடு வண்டி போகுமாம், தங்குற எடம் சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பாம். தம்பிகிட்ட 350 சிசி வண்டி, பின்னாடி சம்சாரம் உக்காரப் போறாங்க, மலையில இதுவரைக்கும் ஓட்டினதில்ல. "காசு குடுத்து இப்பிடி போறது வேஸ்ட்டாண்ணா, மேப் போட்டுக்கினு நாங்களே போயிரலாமா, போனா இன்னா கேட்டுக்கினு போகணும்"னு கேள்வி.

நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரன் தம்பி. பதினஞ்சு வருஷமா இந்த ரோடுங்கள்ல ஓட்டிக்கினு இருக்கேன், அதுல ஒரு ஆறு வருஷம் தெரிஞ்சவங்க நடத்துற சின்ன குரூப்புங்களுக்கு ஸ்வீப்பா போயிருக்கேன். ஸ்வீப்னா கடைசி வண்டி. எல்லாரும் போன பெறகு பின்னாலயே வர்றவன், யாரு வண்டி நின்னாலும் கூட நிக்கிறவன், போட்டோல எங்கயுமே இருக்கமாட்டான். அதனால என் பதில் கொஞ்சம் அந்தப் பக்கமா சாஞ்சுதான் இருக்கும், மொதல்லயே சொல்லிட்றேன்.

போங்க. ஆனா வழி காட்டுறதுக்குன்னு காசு குடுக்காதீங்க, வழி போன்லயே இருக்கு. நீங்க காசு குடுக்குறது உங்க வண்டி நின்னா யாராவது நிக்கணும்ங்கிறதுக்கு. டூர் நடத்துறவர்கிட்ட "ரூட் என்னா, ஓட்டல் என்னா, ஏசியா"ன்னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க "கடைசில வர்றது யாரு, அவருகிட்ட ரெண்டு நிமிஷம் பேசலாமா"ன்னு கேளுங்க. பேரு சொல்ல முடியாம "அதெல்லாம் நம்ம பசங்க பாத்துப்பாங்க சார்"னு இழுத்தாருன்னா அங்கியே கும்பிடு போட்ருங்க.

இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நான் மொதமொத காசு கட்டிப் போன டூரு, யாரு நடத்தினதுன்னு சொல்ல வேணாம், பதினாலு வண்டி, முன்னால வழி காட்டிப் போற லீட் மட்டும் உண்டு, பின்னால யாரும் கெடையாது. ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர்லருந்து போளூர் பக்கம் எறங்குறோம், சாயங்காலம் அஞ்சரை இருக்கும், நான் கடைசில இருந்து ரெண்டாவது, கடைசி ஆளும் என்னைத் தாண்டி முறுக்கிட்டுப் போய்ட்டான், அடுத்த வளைவுலயே க்ளட்ச் கேபிள் பட்டுன்னு அந்துபோச்சு. கீர் எறக்க முடியல, பிரேக்க மட்டும் வச்சு ஓரங்கட்டினேன். போன்ல டவர் இல்ல. பதிமூணு வண்டியும் நேரா திருவண்ணாமலை போயி டீ குடிச்சு ரூமு சாவி பிரிக்கும்போதுதான் ஒரு சாவி மிச்சம் ஆயிருக்கு, அப்பதான் ஒரு ஆள் இல்லன்னே தெரிஞ்சிருக்கு. அதுக்குள்ள நல்லா இருட்டிப்போச்சு. பலாப்பழ மூட்டை ஏத்திக்கினு எக்ஸ்எல்ல வந்த மலைக்காரப் பெரியவர் ஒருத்தர் நின்னாரு, "இன்னா சாமி, வண்டி படுத்துக்கிச்சா"ன்னு கேட்டு, தன்னோட வண்டி வெளிச்சத்த எனக்குப் புடிச்சு, க்ளட்ச் இல்லாமயே ரெண்டாவது கீர்ல எறக்கத்துல உருட்டி ஸ்டார்ட் பண்றது எப்பிடின்னு அவருதான் சொல்லிக் குடுத்தாரு. அதிலருந்து ஸ்பேர் க்ளட்ச் கேபிள் ஒண்ண ஓடுற கேபிள் பக்கத்துலயே டேப் போட்டு ஒட்டி வச்சிருப்பேன், பழசு அந்துபோனா மேல முனையும் கீழ முனையும் மாட்டினா பத்து நிமிஷ வேல. நீங்களும் செய்ங்க, முந்நூறு நானூறு ரூவா செலவு.

சரி, நல்லா நடத்துற குரூப் எப்பிடி ஓடும்னு சொல்றேன், அத வச்சு நீங்களே எடை போட்டுக்கலாம். முன்னால லீட், பின்னால ஸ்வீப், நடுவுல மத்தவங்க. முக்கியமான சங்கதி நடுவுல இருக்கு. ரோடு பிரியற எடம் வந்தா லீட் கைய நீட்டி ஒரு எடத்தக் காட்டுவாரு, அவருக்குப் பின்னால வர்ற ஆள் அங்க வண்டிய ஓரமா நிறுத்திட்டு நிக்கணும், வர்றவங்க எல்லாருக்கும் "இந்தப் பக்கம்"னு காட்டணும், ஸ்வீப் வந்து தலைய ஆட்டுன பெறகுதான் அவரு கெளம்பி ஸ்வீப்புக்கு முன்னால சேந்துக்கணும். அடுத்த பிரிவுல அடுத்த ஆள். இதுக்கு மார்க்கர்னு சொல்லுவோம். கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா மலையில உயிரக் காப்பாத்துறது இதுதான், ஏன்னா முன்னால போறவன் கண்ணுக்குத் தெரியலன்னாதான் நம்மாளு பதட்டத்துல முறுக்குறான், வளைவுல அவன் வேகத்துக்கு மீறிப் போறான், விழுறான். பிரிவுல ஆள் நிப்பான்னு நிச்சயமா தெரிஞ்சா யாரும் யாரையும் தொரத்த வேணாம், அவங்கவங்க வேகத்துல வரலாம், பத்து நிமிஷம் பின்னால வந்தாலும் ஒண்ணும் முழுகிப் போயிராது.

இன்னொண்ணு, ரப்பர் பேண்டு கணக்கு. லீட் அம்பதுல போனா எல்லாரும் அம்பதுல போறாங்கன்னு நெனப்பீங்க, கெடையாது. முன்னால ஒரு லாரி வருது, லீட் ஓவர்டேக் பண்ணிட்டாரு, அடுத்தவன் எதிர்ல பஸ் வர்றதால பத்து செகண்டு காத்திருக்கான், அதுக்கடுத்தவன் இருவது செகண்டு, இப்பிடியே நீண்டுக்கினே போயி கடைசி ஆளு எழுவத்தஞ்சு எம்பதுல ஓட்டினாத்தான் புடிக்க முடியும். அதனாலதான் புதுசா வர்றவங்களப் பின்னால போடக் கூடாது, லீடுக்கு நேர் பின்னாடி விடணும், மார்க்கர் வேலைய அதுக்கடுத்து வர்ற பழகின ஆளுங்க பாத்துக்கட்டும். நீங்க சம்சாரத்தோட மொதல் தடவ மலை ஏறுறேன்னு சொல்லுங்க, "அப்ப நீங்க என் பின்னாலயே வாங்க"ன்னு டூர்காரரு உடனே சொன்னாருன்னா வெவரமான ஆளு. "ஜாலியா வாங்க பாஸ், ஒண்ணும் ஆவாது"ன்னாருன்னா யோசிங்க.

இப்ப ரூட்டுக்கு வர்றேன். மொத்தம் அறுநூறு கிலோமீட்டர் சுமாரா வரும், லிட்டருக்கு 35 குடுக்குற வண்டின்னா பதினேழு லிட்டர், கிட்டத்தட்ட ஆயிரத்து எழுநூத்தம்பது ரூவா பெட்ரோலு, அது பேக்கேஜ்ல சேந்ததா இல்லையான்னு கேட்டு வச்சுக்கோங்க. நாலு நாளைக்கு அறுநூறுங்கிறது நல்ல அளவு, இதையே ரெண்டு நாள்ல முடிக்கிறேன்னு ஒருத்தர் சொன்னா அது டூர் இல்ல, கூரியர் சர்வீஸ்.

மொத நாள் ஏலகிரி, 90 கிலோமீட்டர். விடியக்கால அஞ்சு அஞ்சரைக்கே கெளம்பிடணும், ஜனவரில நம்மூரு வெயிலு பரவால்லதான், ஆனா காலைல கெளம்புற பழக்கம் ஒரு தடவ போச்சுன்னா நாலு நாளும் போச்சு. பெங்களூர் ஹைவே லாரி ரோடு, அழகெல்லாம் எதிர்பாக்காதீங்க, பள்ளிகொண்டா தாண்டி ஆம்பூர். பிரியாணிய காலைலயே போட்டுத் தாக்கணும்னு குரூப்ல நாலு பேர் நிப்பாங்க. எனக்கும் ஆசதான், சீரகச் சம்பா வாசனையும் பக்கத்துல கத்திரிக்காயும் பாத்தா யாருக்குதான் கை நிக்கும், ஆனா வயிறு முட்டத் தின்னுட்டு ஒரு மணி நேரத்துல பதினாலு கொண்டை ஊசி வளைவு ஏறினா கண்ணு சொருகும். இட்லி சாப்டுட்டு பிரியாணிய பார்சல் கட்டிக்கினு மேல போயி புங்கனூர் ஏரிகிட்ட பிரிங்க. வாணியம்பாடி பிரியாணிதான் பெருசுன்னு ஒரு கோஷ்டி சண்டைக்கு வரும், அந்தப் பஞ்சாயத்துக்கு நான் வரல.

இதுல ஒரு வயித்தெரிச்சல். ஆம்பூரு, வாணியம்பாடி, ராணிப்பேட்டைன்னு நம்ம பக்கம் பூரா தோல் தொழில், உலகத்துக்கே ஷூ தச்சு அனுப்புறோம், நம்மாளுங்க மட்டும் ரப்பர் செருப்புல கீர் போட்டுக்கினு மலை ஏறுவானுங்க. கணுக்கால் மூடுற மாதிரி ஒரு ஷூ, ஒரு தோல் க்ளவுஸ், ஐஎஸ்ஐ முத்திரை போட்ட முழு முகம் மூடுற ஹெல்மெட், சம்சாரத்துக்கும் அதே. அவங்க பொடவையோ துப்பட்டாவோ கட்டினா சக்கரத்துல சுத்திக்கும், ஜீன்ஸ் போட்டுக்கச் சொல்லுங்க, இல்லன்னா சுடிதார்ல துப்பட்டா இல்லாம வரட்டும்.

ஏலகிரி வளைவுங்களுக்கு தமிழ்ப் புலவருங்க பேரும் பாரி, ஓரி மாதிரி வள்ளலுங்க பேரும் வச்சிருக்காங்க, ஒவ்வொண்ணுலயும் போர்டு. மேல 1,100 மீட்டர் கிட்ட உயரம். புதுசா மலை ஏறுறவங்களுக்கு இத விட நல்ல பள்ளிக்கூடம் கெடையாது, ரோடு அகலம், வளைவு பதினாலுதான், கொல்லிமலை மாதிரி எழுவது இல்ல. வளைவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே கீர எறக்கிருங்க, உள்ள போயி க்ளட்ச புடிச்சுக்கினு தடுமாறக் கூடாது. நாம எடதுபக்கம் ஓட்டுறதால எடது வளைவுதான் குறுகலா செங்குத்தா இருக்கும், பில்லியனோட, அதான் பின்னால ஆளோட, அங்கதான் வண்டி தெணறும், மொதல் கீர் போட்டாலும் வெக்கம் ஒண்ணும் இல்ல. பார்வை முன் சக்கரத்துல இருக்கக் கூடாது, வளைவு எங்க முடியுதோ அங்க இருக்கணும், கண்ணு போற எடத்துக்குத்தான் வண்டியும் போகும். பஸ்ஸு எறங்கி வர்றதப் பாத்தா வளைவுக்கு முன்னாலயே நின்னுடுங்க, ஏறுற வண்டிக்குத்தான் முன்னுரிமைன்னு சட்டத்துல இருக்கு, வாஸ்தவம்தான், ஆனா பஸ்ஸோட மூஞ்சி திரும்பறப்ப ரோடு முழுக்க அதுக்குதான் வேணும், சட்டம் பேசிக்கினு நிக்க முடியாது. சம்சாரத்துக்கு ஒரே பாடம், வண்டி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கத்து உங்க தோள் மேலயா ரோட்டப் பாக்கணும், பயந்து எதிர்ப்பக்கம் சாயக் கூடாது.

எறங்குறதுதான் ஆபத்து. ஏறும்போது எந்த கீர்ல ஏறினீங்களோ அதே கீர்ல எறங்குங்க, என்ஜினே வண்டியப் புடிச்சுக்கும். பெட்ரோல் மிச்சம்னு என்ஜின ஆஃப் பண்ணிட்டு நியூட்ரல்ல உருட்டுற மகான்கள ஏலகிரில வாரா வாரம் பாக்கலாம். பிரேக்க மட்டுமே நம்பி எறங்கினா டிஸ்க் கொதிச்சு, பிரேக் ஆயில் சூடாயி, கடைசி நாலு வளைவுல லிவர் ஸ்பாஞ்சு மாதிரி உள்ள போகும், அப்ப நியூட்ரல்லருந்து கீர் போட்றதுக்குள்ள கதை முடிஞ்சுரும். எறக்கத்துல பிரேக் தீயுற வாசனை வந்தா நிறுத்தி அரை மணி நேரம் ஆற வைங்க, டிஸ்க்குல தண்ணி ஊத்தாதீங்க.

ரெண்டாவது நாள் ஜவ்வாது. இதுதான் இந்த டூரோட உசிரு, இதுக்கு நேரத்தக் கம்மி பண்ற டூர்காரர நம்பாதீங்க. ஆலங்காயத்துல டேங்க் ரொப்பிக்கோங்க, அப்புறம் காட்டு ரோடு. காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம், கடல் மட்டத்துலருந்து 725 மீட்டர் உயரம், அங்க இருக்குற 2.34 மீட்டர் தொலைநோக்கிய 1986ல பிரதமர் ராஜீவ் காந்தி வந்து தொறந்து வச்சாரு. அதுக்கு முன்னாடியே, 1977ல யுரேனஸ் கோளுக்கு வளையம் இருக்குன்னு உலகத்துல கண்டுபுடிச்சப்ப நம்ம காவலூர்லருந்தும் அதப் பதிவு பண்ணாங்க, 1988ல ஒரு குறுங்கோளக் கண்டுபுடிச்சு அதுக்கு ராமானுஜன்னு பேரும் வச்சாங்க. ஆம்பூர் பிரியாணி தெரிஞ்ச அளவுக்கு நம்ம ஜனங்களுக்கு இது தெரியல, எனக்கே முப்பது வயசுலதான் தெரியும். உள்ள போற நேரத்த முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க. ராத்திரில அந்தப் பக்கம் ஓட்டுறதா இருந்தா எல்இடி ஃபாக் லைட்டெல்லாம் போட்டுக்கினு போகாதீங்க, இருட்டுக்காகத்தான் அந்த மலையத் தேடிப் புடிச்சு அங்க கட்டியிருக்காங்க.

ஜமுனாமரத்தூர் வரைக்கும் ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும், ஏலகிரி மாதிரி கொண்டை ஊசி வரிசை இல்ல, ஆனா ரோடு குறுகல், திடீர்னு ஆடு, திடீர்னு ரோட்டுல காயப் போட்ட சாமை. சாமைக் கதிரு மேல ஏத்தினா வண்டி எண்ணெயில விட்ட மாதிரி வழுக்கும், அதோட அது அவங்க சாப்பாடு, எறங்கி ஓரமா தள்ளிக்கினு போங்க. மலைல கெடைக்கிற தேன், சாமை அரிசி வாங்கணும்னா அங்க சந்தைல நேரா அவங்ககிட்ட வாங்குங்க, பேரம் பேசாதீங்க. பீமன் நீர்வீழ்ச்சில ஜனவரில தண்ணி கொறைஞ்சிருக்கும், போனா போங்க. ஜனவரி காலைல பனி எறங்கும், ஹெல்மெட் கண்ணாடி மூடிக்கும், கொஞ்சம் தெறந்து வச்சுக்கினு ஓட்டணும். டவர் பல எடத்துல இருக்காது, அதனால அன்னிக்கு எங்க எங்க நிப்போம், எத்தன மணிக்கு நிப்போம்ங்கறத காலைலயே காகிதத்துல எழுதி ஆளுக்கு ஒண்ணு குடுக்குற டூர்காரரா இருந்தா அவருக்கு ஒரு மார்க் கூட போடலாம். அப்புறம் போளூர் பக்கம் எறக்கம், என் க்ளட்ச் கேபிள் அந்துபோன எடம், வெளிச்சம் இருக்கும்போதே எறங்கிருங்க. நைட்டு திருவண்ணாமலை. அன்னிக்கு பௌர்ணமியா இருக்கக் கூடாது, காலண்டரப் பாத்துட்டு தேதி முடிவு பண்ணுங்க, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை பூரா ஜனம், வண்டிய ஊருக்கு வெளியிலயே நிறுத்திருவாங்க.

மூணாவது நாள் காலைல செஞ்சி, ஒரு மணி நேரம்தான். மூணு மலைய சேத்துக் கட்டின கோட்டை, 2025ல மராத்தியர் கோட்டைங்க பன்னெண்ட யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்களே, அதுல தமிழ்நாட்டுல இருக்குறது இது ஒண்ணுதான். சிவாஜி 1677ல செஞ்சியப் புடிச்சாரு, அடுத்த வருஷமே நம்ம வேலூர்க் கோட்டையும் மராத்தியர் கைக்குப் போச்சு. ராஜகிரி ஏறணும்னா ரைடிங் ஷூவோட ஏறாதீங்க, மேல போயி வர ரெண்டு மூணு மணி நேரம் ஆவும், ஏறிட்டு வந்து மதியம் ஹைவேல பாண்டிக்கு ஓட்டினா தூக்கம் தள்ளும், கீழ கல்யாண மகால் வரைக்கும் பாத்தா போதும்னு நான் குரூப்புக்கு சொல்லுவேன், பாதிப் பேரு கேக்கமாட்டாங்க.

பாண்டிச்சேரில என்ன நடக்கும்னு சொல்லத் தேவையில்ல. நைட்டு குடிச்சவன் காலைல ஏழு மணிக்கு "நார்மல்"னு சொல்லுவான், நார்மலா இருக்கமாட்டான். நான் போற குரூப்புல ஒரு விதி, பாண்டி நைட்டு குடிக்கிறவங்க மறுநாள் பத்து மணி வரைக்கும் சாவியத் தொடக் கூடாது. இத ரூல்னு முன்னாடியே சொல்லுற டூர்காரரப் பாருங்க. பாட்டில பேக்ல போட்டுக்கினு தமிழ்நாட்டுக்குள்ள வரலாம்னும் பாக்காதீங்க, செக்போஸ்டுல ஒருத்தன் மாட்டினா பன்னெண்டு வண்டியும் நிக்கும்.

நாலாவது நாள் கடல். மலையில பயந்துக்கினு ஓட்டினவங்க எல்லாம் ஈசிஆர்ல வந்ததும் தைரியம் வந்துரும், நேரா ரோடு, வலது பக்கம் கடலு, முறுக்கு முறுக்குன்னு தோணும். நான் ஸ்வீப்பா போனதுல மலையில விழுந்தவங்கள விட ஈசிஆர்ல விழுந்தவங்கதான் அதிகம், காரணம் எல்லாமே சின்னச் சின்ன விஷயம். மீன் வண்டிலருந்து ஐஸ் தண்ணி ஒழுகி ரோட்டுல பெசுபெசுன்னு இருக்கும், வளைவுல மணல் கெடக்கும், அதுல முன் பிரேக்க அழுத்தினா அவ்ளோதான். மரக்காணம் உப்பளம் பக்கத்துல ரெண்டு பக்கமும் வெட்டவெளி, மதியத்துக்கு மேல கடல்காத்து வலதுலருந்து தள்ளும், காத்து சமாளிக்கிறதுக்காக நாம வலதுபக்கம் லேசா சாஞ்சு ஓட்டிக்கினு இருப்போம், அப்ப எதிர்ல ஒரு பஸ்ஸு கடந்தா காத்து ஒரு நொடி நின்னு திரும்ப அடிக்கும், வண்டி ஒரு அடி தள்ளாடும். கைப்பிடிய இறுக்கிப் புடிக்காதீங்க, முட்டியால டேங்க புடிச்சுக்கினு கைய தளத்தி வைங்க. காலைல சீக்கிரம் இந்த எடத்தத் தாண்டிட்டா பாதிப் பிரச்சினை இல்ல. ரோட்ட அகலப்படுத்துற வேலையும் நடந்துக்கினு இருக்கு, டைவர்ஷன்ல ஜல்லி இருக்கும், மெதுவா.

கடப்பாக்கம் பக்கத்துல ஆலம்பரைக் கோட்டை, கட்டாயம் நில்லுங்க. ஆற்காடு நவாப் காலத்துக் கோட்டை, அப்புறம் பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போயி, 1760ல இங்கிலீஷ்காரன் வந்து ஒடைச்சான், இப்ப உடைஞ்ச சுவரும் கழிமுகமும்தான், ஆனா நம்ம ஆற்காட்டுக்காரன் கடலோரம் வரைக்கும் கை நீட்டி இருந்தான்னு அங்க நின்னாதான் ஒறைக்கும். மாமல்லபுரத்துல கடலுக்குள்ள எறங்கிக் குளிக்காதீங்க, இழுப்பு ஜாஸ்தி. காணும் பொங்கல் அன்னிக்கு இந்தப் பக்கம் தலையே காட்டாதீங்க.

உப்புக்காத்து வண்டியத் தின்னும். அன்னிக்கு சாயங்காலமே நல்ல தண்ணில கழுவி, செயின தொடச்சு செயின் லூப் எண்ணெய் அடிங்க, இல்லன்னா ஒரு வாரத்துல ஸ்போக்ஸ்ல துரு பூக்கும். ஸ்போக்ஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஸ்போக் வீல் வண்டிங்க பெரும்பாலும் ட்யூப் டயரு, பஞ்சர் ஆனா சக்கரத்தக் கழட்டணும், ட்யூப்லெஸ்னா அப்பிடியே ஸ்ட்ரிப் சொருகி காத்து அடிச்சிட்டுப் போயிரலாம். உங்க வண்டி எதுன்னு பாத்து ஒரு ஸ்பேர் ட்யூபும் எடுத்துக்கோங்க. காத்து அளவ காலைல டயர் குளிர்ச்சியா இருக்கும்போது பாருங்க, பில்லியனுக்கு கம்பெனி சொல்ற அளவு தனி, செயின் கவர்லயோ புக்குலயோ இருக்கும்.

பேப்பர் சமாசாரமும் கொஞ்சம் சொல்லிடறேன், இது போர்தான் ஆனா முக்கியம். குரூப்ல யாராவது வண்டி வாடகைக்கு எடுத்தா நம்பர் பிளேட்டப் பாருங்க, கருப்பு பிளேட்டுல மஞ்சள் எழுத்து இருக்கணும், வெள்ளை பிளேட்டு வண்டிய வாடகைக்கு விட்டா சட்டப்படி தப்பு, ஆக்சிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்காரன் கையக் கழுவிருவான். உங்க சொந்த வண்டிக்கு ஓனர் ஓட்டும்போது 15 லட்சத்துக்கு தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம், அது உங்களுக்கு மட்டும், பின்னால உக்கார்ற சம்சாரத்துக்கு தனியா சேத்திருக்கீங்களான்னு பாலிசியப் பிரிச்சுப் பாருங்க, முக்காவாசிப் பேரு சேத்திருக்கமாட்டாங்க. தமிழ்நாட்டுல ரோட்டுல அடிபட்டா மொதல் 48 மணி நேரத்துக்கு அரசாங்கம் செலவ ஏத்துக்குற "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது, அதுல சேந்த தனியார் ஆஸ்பத்திரிங்களும் இருக்கு. ரூட்ல அப்பிடி எங்க எங்க ஆஸ்பத்திரி இருக்குன்னு டூர்காரரு பட்டியல் வச்சிருக்காரான்னு கேளுங்க. 108 எல்லாருக்கும் தெரியும், ஆனா ஜவ்வாதுல டவர் இல்லாத எடத்துல 108க்கு யாரு போயி போன் பண்றதுங்கறதுதான் கேள்வி, அதுக்கும் பதில் ஸ்வீப்தான்.

தேதி ஜனவரின்னது நல்ல முடிவு. நவம்பர்ல சொல்லியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன், 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி கிட்ட கரை கடந்தது, மறுநாளே திருவண்ணாமலையில மலைச்சரிவுல ஏழு உசிரு போச்சு, இந்த டூரோட பாதி ரூட்டு அதுக்குள்ள அடங்கிருது. மே மாசம்னா நம்மூரு வெயிலு நாப்பதத் தாண்டும், வேலூர வெயிலூர்னு சும்மாவா சொல்றாங்க.

மாமல்லபுரத்துலருந்து வீடு திரும்புறது 130 கிலோமீட்டருக்கு மேல வரும், செங்கல்பட்டு, வாலாஜாபாத், காஞ்சிபுரம், அப்புறம் ஹைவே. காஞ்சிபுரம் தாண்டினதும் எல்லாருக்கும் வீட்டு ஞாபகம் வந்துரும், மார்க்கர் எல்லாம் மறந்துபோயி ஆளாளுக்கு முறுக்குவாங்க, நான் பாத்த கடைசி நாள் ஆக்சிடென்ட் ரெண்டும் வாலாஜாபேட்டைக்கு அப்புறம்தான். அதனால கடைசி ஸ்டாப்ப காஞ்சிபுரத்துல வைக்கிற டூர்காரர விட ஆற்காட்டுல வைக்கிறவருதான் நமக்கு வேணும். பாலாத்து பாலத்துக்கு முன்னாடி ராணிப்பேட்டை வரும், செஞ்சி தேசிங்கு ராஜா நவாப் படையோட சண்டைல செத்தப்ப அவரோட சம்சாரம் ஒடன்கட்டை ஏறினதாவும், அவங்க ஞாபகமா ஆற்காடு நவாப் வச்ச ஊருதான் அதுன்னும் சொல்லுவாங்க. மொத நாள் காலைல பெங்களூர் பக்கம் திரும்பினதால இந்த ஊரப் பாத்திருக்கமாட்டீங்க, மூணாவது நாள் செஞ்சியில கேட்ட கதைக்கு பாக்கி இங்க இருக்கு. பாலம் தாண்டி ஆற்காட்டுல வண்டிய ஓரங்கட்டி மக்கன் பேடா வாங்குங்க, வீட்டுக்கு அரை கிலோ பார்சல். முன்னாடியே வந்து சேந்த லீட் அங்க என்னா பண்றாருன்னு அப்ப கவனிங்க, பேடா தின்னுக்கினு இருக்காரா, இல்ல ஹெல்மெட்ட கூட கழட்டாம பாலத்துப் பக்கமே பாத்து வண்டி எண்ணிக்கினு நிக்கிறாரா. எண்ணிக்கினு நின்னாருன்னா, கொல்லிமலைக்கும் அவரையே புடிச்சுக்கோங்க.